நாய்க்குப் படிக்கட்டு எதற்கு என்பவர்களுக்கு

படியில் ஏறத் தயங்கும் நாயைப் பிடிவாதக்காரன் என்கிறோம், இல்லாவிட்டால் பயந்தாங்கொள்ளி என்கிறோம். இரண்டையும் நான் ஏற்பதில்லை. வைக்கும் இடம் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு கால் வைக்கிற பிராணி அது. நம் வயதில் நாம் குளியலறைக்குள் எப்படி நுழைகிறோம்? சுவரைப் பிடித்துக்கொண்டு, தரை ஈரமா என்று பாதத்தால் தடவிப் பார்த்துத்தானே? அதை யாரும் பிடிவாதம் என்று சொல்வதில்லை.

புதுவையில் என் வயதுக்காரர்கள் பலரின் வீட்டில் இன்று ஒரு நாய் இருக்கிறது. நாம் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. பிள்ளைகள் வாங்கியது, அவர்கள் பாரிசுக்கோ பெங்களூருக்கோ போனபின் நம்மிடம் தங்கிவிட்டது. எங்கள் வீட்டு மிமியும் அப்படி வந்தவள்தான். டாக்‌ஷண்ட் இனம், பிரெஞ்சில் தெக்கெல் என்பார்கள். ஒன்பது வயது. நீள முதுகு, குட்டைக் கால். மகள் குட்டியிலிருந்தே கட்டிலில் படுக்கவைத்துப் பழக்கிவிட்டதால் அவளுக்குக் கட்டில்தான் வீடு. நாய் கட்டிலில் படுக்கலாமா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அது வேறு கோப்பு, இங்கே திறக்கவில்லை.

ஜெர்மானியர்கள் வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்த்த இனம் இது. அந்த உடல்வாகோடு சேர்ந்தே ஒரு குறையும் வருகிறது. முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க், மற்ற நாய்களைவிட இவற்றுக்குச் சின்ன வயதிலேயே இறுகிப்போகிறது. ஒரு நாள் சோபாவிலிருந்து குதிக்கும்போது அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடும். நேற்றுவரை ஓடிய நாய் இன்று இடுப்பை இழுத்துக்கொண்டு நகரும். அதனால்தான் கால்நடை மருத்துவர் மிமியைப் பார்த்ததும், "ஏறுவதைவிடக் குதிப்பதை நிறுத்துங்கள் ஐயா" என்றார்.

தூக்கி இறக்கலாமே என்பீர்கள். மிமி ஒன்பது கிலோ. ராத்திரி இரண்டு மணிக்கு அவள் வெளியே போகவேண்டும் என்று முனகும்போது, அரைத்தூக்கத்தில் குனிந்து ஒன்பது கிலோவைத் தூக்க என் இடுப்பும் முழங்காலும் சம்மதிப்பதில்லை. நான் விழுந்தால் இருவருக்கும் சேதம்.

ஆகவே ஆசாரியிடம் சொல்லி ஒரு படிக்கட்டு செய்தோம். கட்டில் 20 அங்குலம். படி மூன்று, ஒவ்வொன்றும் 5 அங்குல உயரம். கடைசிப் படியிலிருந்து கட்டிலுக்கு இன்னொரு 5. கால் வைக்கும் பலகை ஒரு அடிக்குக் குறையாத ஆழம். மேலே ரப்பர் பாய் ஒட்டினோம். அடியிலும் ரப்பர், ஏனென்றால் இப்போதைய வழவழப்பான டைல்ஸ் தரையில் மரம் வழுக்கும். ஒரே ஒரு தரம் படி ஆடினாலும் போதும், நாய் அதை லேசில் மறக்காது. கடையில் விற்கும் மெத்தைப் படிகளை வாங்குபவர்கள் முதலில் கையால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் வேண்டாம்.

படி வந்த அன்று என் மைத்துனர் வீட்டில் இருந்தார். "ரெண்டு நிமிஷத்தில் பழக்கிக் காட்டுகிறேன் பாருங்கள் மாமா" என்று கழுத்துப்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தார். மிமி நான்கு காலையும் ஊன்றி நின்றாள். விட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அதன்பின் இரண்டு நாள் அந்த மூலைப் பக்கமே வரவில்லை.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குத் திக்தே நினைவிருக்கும். வாத்தியார் வாசிப்பார், நாம் எழுதவேண்டும். எங்கள் வாத்தியார் ஒருவர் அடிக்கோலோடு முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். வீட்டில் பிழையில்லாமல் எழுதும் சொல்லில்கூட, அவர் நின்றால் எழுத்தின் மேல் போடும் கோடு எந்தப் பக்கம் சாயும் என்பது மறந்துபோகும். பின்னால் நிற்கும் ஆளையே மனம் பார்த்துக்கொண்டிருந்தால் பாடம் எங்கே ஏறும்? நாய்க்கும் அதே கணக்குதான். கழுத்தில் கை இருக்கும்வரை அது படியைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். மூன்று நாள் படியைக் கூடத்துச் சுவரோரம் சும்மா போட்டுவைத்தோம். அவள் வந்து மோந்து பார்ப்பாள், போவாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டைக்காய் அளவு துண்டாக்கி முதல் படியில் ஒன்று வைத்தோம். முன்னங்கால் இரண்டையும் வைத்துத் தின்றாள், இறங்கினாள். அன்றைக்கு அது போதும். மறுநாள் இரண்டாம் படி. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷத்துக்குமேல் இல்லை, அதுவும் சாப்பாட்டுக்கு முன் பசியோடு இருக்கும்போதுதான்.

இறங்குவதுதான் கஷ்டம். பலர் ஏறப் பழக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நாய் ஒய்யாரமாகப் படியில் ஏறி, பழையபடி கட்டிலிலிருந்து குதிக்கும். நாய் நிற்கும்போதே உடல் பாரத்தில் பாதிக்குமேல் முன்னங்காலில்தான். தலைகீழாக இறங்கும்போது இன்னும் கூடும், பள்ளமும் கண்ணுக்கு நேரே தெரியும். அதனால் கீழிருந்தே தொடங்கினோம். அவளைத் தூக்கி முதல் படியில் நிறுத்தினால், இறங்க வேண்டியது ஒரே ஒரு எட்டு. அது சரளமானபின் இரண்டாம் படியில் நிறுத்தினோம். எப்போது தொடங்கினாலும் முடிவு அவளுக்குத் தெரிந்த தரையாகவே இருந்தது. கட்டிலின் மற்ற பக்கங்களைத் தலையணையால் அடைத்தோம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்பாள். நான் "தூஸ்மான்" என்பேன். பொருள் ஒன்றுதான், மிமிக்கு இரண்டும் புரிகிறது. பதினெட்டு நாள் ஆயிற்று. அதை அதிகம் என்பவர்கள் ஓய்வூதியக் கோப்பு நகர எத்தனை நாள் ஆகும் என்று என்னிடம் கேட்கலாம்.

ஏற்கெனவே முதுகு பாதித்த நாய்க்கு இந்தப் படி வேண்டாம். வழுக்காத சரிவுப் பலகைதான் ஏற்றது. நன்றாக ஏறி இறங்கிய நாய் ஒரு நாள் திடீரென்று படியடியில் நின்றுவிட்டால் மறுபடி கறித்துண்டைக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். எங்கோ வலிக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுப்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த மாத்திரை டப்பாவை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். படி செய்து கொடுத்தபின் அந்த உயரமும் முன்புபோல் இல்லை என்பதை மறக்கவேண்டாம்.