இடக்கைக்கும் இடம் வேண்டும்

விழாக் காலங்களிற் பழைய மாணவர் தாம் பயின்ற கல்லூரிக்கு வாத்தியக் கருவிகளை அன்பளிப்பாக வழங்குதல் போற்றத்தக்க வழக்கமாகும். ஆயினும் கருவியை வழங்குவதோடு எமது கடமை முடிந்துவிடுவதில்லை. அக்கருவி எவ்வாறு வைக்கப்படுகின்றது, எக்கையால் வாசிக்கும்படி மாணவனுக்குக் கற்பிக்கப்படுகின்றது என்பனவும் சிந்தித்தற்குரியன. மேனாட்டு மெல்லிசைக் குழுக்களில் இன்றியமையாததாய் விளங்கும் டிரம் செற் என்னும் மேளத் தொகுதியைப் பற்றியே ஈண்டு எமது கருத்தைக் கூற விழைகின்றோம்.

டிரம் செற்றின் முன் அமர்ந்து வாசிப்பவரை உற்று நோக்குவோர் ஒரு விந்தையைக் காண்பர். அவருடைய கைகள் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேலொன்று குறுக்கிட்டிருக்கும். இடப்புறத்தே, இடக்காலால் மிதித்து மூடித் திறக்கும் இணைத்தாளமாகிய ஹை-ஹற் நிற்கின்றது. முழங்கால்களுக்கு நடுவே ஸ்னேர் டிரம் இருக்கின்றது. வலக்கை இடக்கையைக் கடந்து சென்று ஹை-ஹற்றைத் தட்ட, இடக்கை அதன்கீழ் ஒடுங்கி நின்று ஸ்னேரை அடிக்கின்றது. இவ்வாறன்றி, அருகிலுள்ள ஹை-ஹற்றை இடக்கையாலும் ஸ்னேரை வலக்கையாலும் வாசித்தலே திறந்த கை முறை எனப்படும்.

குறுக்குக்கை முறை எவரும் ஆராய்ந்து வகுத்த விதியன்று. வரலாற்றின் போக்கில் தானாக அமைந்தது. 1909 ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரில் லட்விக் சகோதரர் விரைந்தியங்கும் பேஸ் டிரம் மிதியைச் செய்து விற்கத் தொடங்கினர். பேஸ் டிரம் வலக்காலுக்கு உரியதாயிற்று. வேலையின்றியிருந்த இடக்காலுக்கென 1920களில் நிலத்தை ஒட்டிய இணைத்தாளம் ஒன்று வந்தது. அது கைக்கெட்டாத தாழ்வில் இருந்தமையால் எக்கையால் வாசிப்பது என்னும் வினா அப்பொழுது எழவில்லை. பின்னர் அத்தாளம் தண்டொன்றின்மீது உயர்த்தப்பட்டு ஹை-ஹற் ஆயிற்று. 1930களிற் கவுண்ட் பேசியின் குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ் அதனைத் தாள நடையின் உறைவிடமாக்கினார். 1940களிற் கென்னி கிளார்க் அந்நடையைப் பெரிய றைட் சிம்பலுக்கு மாற்றினார். றைட் சிம்பல் வலப்புறத்தே வைக்கப்பட்டது. காலின் வசதிக்காக இடப்புறம் சென்ற கருவியை வலக்கை தேடிச் செல்ல நேர்ந்ததே இக்குறுக்கீட்டின் காரணமாகும்.

இதனால் விளையும் இடர்கள் சில. வலக்கை தடையின்றிக் கடத்தற்கு ஹை-ஹற்றை உயர்த்தவேண்டியுள்ளது. தோளும் உடன் உயர்ந்து களைப்புறுகின்றது. இடக்கைக் குச்சி ஓங்குந்தோறும் வலக்கையில் முட்டுகின்றது. ஹை-ஹற்றில் நடை நிகழும்போதே வலப்புறத்து டொம் டிரம்களை அடிக்க விரும்பின், இடக்கை மற்றதன் கீழாக நுழைந்து செல்லவேண்டும். திறந்த கை முறையிலோ ஹை-ஹற்றை ஸ்னேருக்குச் சற்று மேலாகத் தாழ்த்தி வைக்கலாம். வலக்கை டொம் டிரம்கள் யாவற்றையும் தடையின்றிச் சுற்றிவரலாம்.

ஆனால் கைமுறை மாறும்போது சிம்பல்களின் இருப்பிடமும் மாறுதல் வேண்டும். றைட் சிம்பலை வலக்கோடியிலேயே விட்டுவிட்டு இடக்கையை முதற்கையாக்கினால், முன்பு இடப்புறத்தில் நேர்ந்த குறுக்கீடு இப்பொழுது வலப்புறத்தில் நேரும். ஆதலின் றைட் சிம்பலை ஹை-ஹற்றுக்கு மேலாக இடப்புறத்தில் அமைத்தல் நன்று. முழக்கத்துக்குரிய கிராஷ் சிம்பல்களைப் பக்கத்துக்கு ஒன்றாக வைக்கலாம். வசதியுள்ளோர் வலப்புறத்திலும் ஒரு றைட் சிம்பலையோ, மூடியபடி பொருத்திய இன்னொரு ஹை-ஹற்றையோ வைத்துக்கொள்ளலாம். முழங்கைகளை இயல்பாகத் தொங்கவிட்டுக் குச்சிகளை நீட்டும்போது அவற்றின் நுனி எங்கே செல்கின்றதோ அங்கேயே தட்டு நிற்றல் வேண்டும். தட்டு வாசிப்பவரை நோக்கிச் சிறிது சாய்ந்திருத்தலும், திருகு அளவுக்குமேல் இறுகாதிருத்தலும் அவசியம். இறுக்கிய சிம்பல் அசைய இடமின்றி வெடிக்கும்.

இம்முறை பயனற்ற புதுமையன்று. 1944 ஆம் ஆண்டிற் பனாமாவிற் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்த பில்லி கொப்ஹாம், மகாவிஷ்ணு ஒக்கெஸ்ட்ரா என்னும் குழுவிலும், 1973 இல் வெளிவந்த தமது 'ஸ்பெக்ட்ரம்' இசைத்தட்டிலும் இடக்கையை முதற்கையாகக் கொண்டே உலகை வியக்கவைத்தார். இங்கிலாந்தின் சைமன் பிலிப்ஸ், அமெரிக்காவின் கார்ட்டர் பியூபோர்ட் ஆகியோரும் இவ்வழியினரே. கரி செஸ்ரர் 1985 இல் வெளியிட்ட 'த நியூ பிரீட்' என்னும் பயிற்சி நூல், எக்கையாலும் நடையைத் தொடங்கப் பழகுதல் வேண்டுமென வற்புறுத்துகின்றது.

கோயில் வீதிகளிற் தவிலோசை கேட்டு வளர்ந்த எமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். தவில் வித்துவானுடைய ஒரு கை விரல்களிற் கூடணிந்து ஒரு முகத்தை வாசிக்க, மறு கை கழிகொண்டு மறு முகத்தை முழக்குகின்றது. இரண்டுக்கும் தனித்தனி இடமும் தொழிலும் உள. ஒன்று மற்றொன்றின் வழியை மறிப்பதில்லை.

நாம் பயின்ற காலத்தில், இடக்கையால் எழுதிய மாணவனின் விரல்களில் அடிமட்டம் விழுந்தமையைக் கண்டிருக்கின்றோம். அந்த ஆசிரியர் தீங்கு கருதியவரல்லர். எல்லோரும் போல எழுதுக என்பதே அவர் எண்ணம். அம்மாணவனின் கையெழுத்து ஈற்றுவரை கோணலாகவே இருந்தது. பீற்றில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்ரார் இயல்பில் இடக்கையாளர். சிறுவயதிற் பாட்டியார் தம்மை வலக்கைக்கு மாற்றியமையை அவரே கூறியுள்ளார். வலக்கையாளருக்கென அமைந்த செற்றில் இடக்கை முந்தி வாசித்தமையாலேயே அவருடைய வாசிப்புக்குத் தனித்தன்மை வாய்த்தது. பில் கொலின்ஸ் என்பாரோ தொகுதி முழுவதையும் இடவலம் மாற்றியமைத்து வாசித்தவர். ஆனால் ஒரே செற்றிற் பலர் பயிலும் கல்லூரி மண்டபத்தில் ஒவ்வொரு மாணவனுக்காகவும் அவ்வாறு திருப்பி வைத்தல் இயலாது. திறந்த கை முறையிற் சிம்பல்களை இரு புறமும் ஒழுங்கு செய்துவிட்டால் இடக்கையாளனும் வலக்கையாளனும் ஒரே இருக்கையில் மாறி மாறி அமரலாம்.

குறுக்குக்கையால் இசை குன்றிற்றென நாம் கூறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த டிரம் கலைஞருட் பெரும்பாலோர் அம்முறையினரே. அதிற் பல்லாண்டு பழகியவர் இன்று மாற முயன்றால், இடக்கை பின்தங்கித் தாளம் தளும்பும். அவர் தம் வழியே செல்வதில் இழுக்கில்லை. ஆனால் முதன்முறையாகக் குச்சியைப் பிடிக்கும் மாணவனுக்கு வலக்கையும் இக்கருவியிற் பழகாத கையே. ஒரே நடையை முதலில் வலக்கை முந்தியும் பின்னர் இடக்கை முந்தியும் மெதுவாகப் பயிற்றுவித்தால், சில மாதங்களில் எக்கை வல்லதென அவனே அறிவான்.

எனவே டிரம் செற் வழங்கும் அன்பர் தாங்கிகள் இரண்டை மேலதிகமாகச் சேர்த்து வழங்குவாராக. கற்பிக்கும் ஆசிரியர், எக்கை முந்துகின்றதென முதல் நாளிற் கவனித்து அதன்பின் பாடத்தைத் தொடங்குவாராக. மாணவனின் கைக்கேற்பக் கருவியை ஒழுங்கு செய்தலே கல்வி. கருவிக்கேற்ப அவன் கையை முறுக்குதல் கல்வியாகாது. அன்று அடிமட்டத்துக்கு அஞ்சி ஒடுங்கிய அந்த இடக்கை, இன்றைய மாணவரிடத்தேனும் தலைநிமிர்ந்து தாளம் போடுக.