குறட்டைக்கு ஒரு கருவி, உறக்கத்திற்கு ஒரு மாத்திரை



சென்ற மாதம் குர்லாவில் ஒரு வீட்டுக் கூட்டம் முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுச் சகோதரி என்னைச் சமையலறை ஓரமாக அழைத்து, "ஐயா, ஒரு காரியம் கேட்க வேண்டும். இவர் இரவில் மிஷினையும் மாட்டிக்கொள்கிறார், தூக்க மாத்திரையும் போட்டுக்கொள்கிறார். இரண்டும் சேரலாமா?" என்றார்கள். முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த மாத்திரை அட்டையையும் காட்டினார்கள். பத்து மாத்திரைகளில் ஆறு இல்லை. அவர்களுடைய கணவர் முப்பது ஆண்டுகளாக இந்த மும்பையில் டாக்சி ஓட்டுகிறவர். குறட்டைக்காகப் பரிசோதனை செய்து, மனைவியின் வளையல்களை அடகு வைத்துக் கருவி வாங்கியவர். அவ்விருவரின் அனுமதியோடும், அடையாளங்களைச் சற்று மாற்றியும் இதை எழுதுகிறேன். இதே கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம் சபைகளில் அநேகர் உண்டு என்பதை அறிவேன். நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவனாக இருந்தேன்.

வியாதியை முதலில் விளங்கிக்கொள்வோம். மருத்துவர்கள் இதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். நாம் உறங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளருகின்றன. சிலருக்கு அவை அளவுக்கு மிஞ்சித் தளர்ந்து, மூச்சுக்குழலின் மேற்பகுதியை அடைத்துவிடுகின்றன. பத்து வினாடிகளோ அதற்கு மேலோ காற்று உள்ளே செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை பதறி, உறங்குகிறவரை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. அவர் ஒரு பெரிய குறட்டையோடு மூச்சை இழுத்து மறுபடியும் உறங்கிப்போகிறார். காலையில் அவருக்கு அது நினைவிருக்காது. இப்படி மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் நிகழ்ந்தால் வியாதி என்றும், 15 முதல் 30 வரை நடுத்தரம் என்றும், 30க்கு மேல் போனால் கடுமை என்றும் கணக்கிடுகிறார்கள். சிகிச்சையின்றி விட்டால் இரத்த அழுத்தம் ஏறும், இருதயம் களைக்கும், பகலில் ஓட்டுநர் இருக்கையிலேயே கண் செருகும்.

சிபாப் எனப்படும் கருவி ஒரு குழலின் வழியாகவும் முகமூடியின் வழியாகவும் அழுத்தமான காற்றைச் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாதபடி திறந்து வைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் தம் குழுவினரோடு 1981ஆம் ஆண்டு இதை உலகிற்கு அறிவித்தார். காற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஆயினும் அதை அணிந்துகொண்டு உறங்குவது எளிதன்று. முகத்தில் ஒரு பாரம், காதில் ஓர் இரைச்சல், நாக்கில் வறட்சி. மேலும், மூச்சடைப்பும் தூக்கமின்மையும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்தே இருப்பதுண்டு. 1973ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே கருவி வாங்கியவர் மாத்திரையைத் தேடிப் போவது ஆச்சரியமல்ல.

இனி என் காரியம். 2018ஆம் ஆண்டு எனக்கு மணிக்கு 41 தடவை மூச்சு அடைபடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கருவி வந்தது. முதல் மாதம் முழுவதும் நான் உறங்கியது கொஞ்சம், புரண்டது அதிகம். என் தாயார் மரித்த நாட்களில், பக்கத்துத் தெரு மருத்துவர் மனக்கலக்கத்திற்காக அல்பிரசோலம் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். அப்பொழுது என் குறட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மீதியிருந்த அந்த அட்டையை எடுத்து, வேதாகம உறையின் ஜிப்புக்குள் வைத்துக்கொண்டேன். பிரசங்க மேடையில் மாத்திரைகளைக் குறித்து நான் பேசியிருந்த பேச்சு அப்படி. வேறு எங்கே ஒளிப்பது? இரவுதோறும் அரை மாத்திரை. உறக்கமும் வந்தது. நானும் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணினேன்.

ஜூலை மாதத்து மழையில் ஓர் இரவு எங்கள் புறநகரில் மின்சாரம் நின்றது. மின்விசிறி நின்ற புழுக்கத்தில் என் மனைவி விழித்துக்கொண்டார். கருவி ஓய்ந்திருந்தது. முகமூடி என் முகத்தில் இருந்தது. நானோ குறட்டை விடுவதும், பின்பு ஒரு சத்தமும் இல்லாமல் கிடப்பதும், மறுபடியும் திணறி இழுப்பதுமாக இருந்தேனாம். மாத்திரை இல்லாத நாட்களில் கருவி நின்றால் நானே திடுக்கிட்டு எழுந்து முகமூடியைக் கழற்றி எறிவேன். அன்று தோளைப் பிடித்து உலுக்கியும், பேர் சொல்லி அழைத்தும், முகத்தில் தண்ணீர் தெளித்தும் எழுப்ப நெடுநேரமாயிற்று. விழித்தபின் நான் கேட்ட முதல் கேள்வி, "கரண்ட் போய்விட்டதா?" என்பது. அவர் பதில் சொல்லாமல் அழுதார். மறுநாள் காலையில் வேதாகம உறையைத் திறந்து அவர் முன் வைத்தேன்.

அந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. முகமூடியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது உங்கள் முகத்திற்குப் பெரிது ஐயா. இரவெல்லாம் காற்று கசிந்து கண்ணில் அடித்திருக்குமே!" என்றார். அளவான முகமூடியும், காற்றை ஈரமாக்கும் சிறு தொட்டியும், அழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றும் ஏற்பாடும் கிடைத்தபின், எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை. எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது? மேலே சொன்னேனே, மூளை பதறி எழுப்புகிறது என்று, அந்தப் பதற்றமே நம் காவற்காரன். அல்பிரசோலம், டயஸிபாம், குளோனஸிபாம், நைட்ரஸிபாம் ஆகியவை ஒரே குடும்பத்து மருந்துகள். இவை தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தக்கூடும், காவற்காரனையும் உறங்கப்பண்ணக்கூடும். அப்பொழுது அடைப்பு நீளும், பிராணவாயு மேலும் குறையும். சோல்பிடெம் என்பது வேறு வகை. மூச்சைப் பொறுத்தவரை இதன் பாதிப்பு பொதுவாகக் குறைவு என்கிறார்கள். ஆனாலும் உறக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற விபரீதங்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019ஆம் ஆண்டு இதற்கும் இதன் இனத்து மருந்துகளுக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது.

அப்படியானால் கருவியும் மாத்திரையும் சேரவே கூடாதா? அப்படியல்ல. மூச்சடைப்பு இருப்பதை அறிந்த மருத்துவர், கருவி ஒழுங்காக வேலை செய்கிறதைப் பார்த்து, சில நாட்களுக்கென்று ஒரு மாத்திரையை எழுதிக் கொடுப்பதுண்டு. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எஸ்சோபிகுளோன் என்னும் மாத்திரையை முதல் 14 இரவுகள் மட்டும் பெற்றவர்கள், அதன்பின் ஏறத்தாழ ஆறு மாதம் வரை கருவியை மற்றவர்களைவிட அதிக இரவுகள் பயன்படுத்தினார்கள். கருவியோடு பழகுவதற்கு ஓர் ஊன்றுகோலாக அது அவர்களுக்கு உதவியது. முகமூடியைச் சுவரில் தொங்கவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்குவது முற்றிலும் வேறு காரியம். அதைவிடச் சாதாரணமாக நடப்பது இது: மாத்திரையை விழுங்கிவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமருகிறோம், முகமூடி படுக்கையருகே இருக்கிறது, நாம் நாற்காலியிலேயே உறங்கிவிடுகிறோம். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், எல்லா வேலையும் முடித்து, படுக்கைக்கு வந்து, முகமூடியைக் கையருகே வைத்துக்கொண்டு, அதன்பின் விழுங்குங்கள். மின்தடை உள்ள பகுதியென்றால் இன்வெர்ட்டரைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள்.

தூக்க மாத்திரை என்ற பெயரில் வராத மருந்துகளும் உண்டு. சளிக்கு வாங்கும் சில மாத்திரைகள் தூக்கத்தை வருவிக்கும். கோடீன் கலந்த இருமல் டானிக்கும், டிரமடோல் என்னும் வலி மாத்திரையும் மூச்சை விடச் சொல்லும் மூளையின் கட்டளையையே தளர்த்தக்கூடியவை. இவ்வகை மருந்துகளோடு டயஸிபாம் இனத்தைச் சேர்த்து உட்கொள்வது மரணம்வரை கொண்டுபோகலாம் என்று 2016ஆம் ஆண்டு எச்சரிக்கை வெளியானது. அறுவைச் சிகிச்சைக்குச் செல்கிறவர்கள் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் மூச்சடைப்பைத் தவறாமல் சொல்லி, கருவியையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம், சோல்பிடெம் முதலியவை 2014 முதல் எச்1 என்னும் பட்டியலின்கீழ் உள்ளன. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர் பெயரையும் எழுதிக் கொடுத்த மருத்துவர் பெயரையும் கடைக்காரர் தனிப் புத்தகத்தில் பதிந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். "நம்ம ஊர் அண்ணாச்சி கடைதான், கேட்டால் தருவார்" என்கிற சிலாக்கியம் நமக்கு வேண்டாம்.

ஊருக்குப் போகும் பயணத்தைக் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். பாரம் என்று கருவியை வீட்டில் வைத்துவிட்டு, ரயிலில் உறக்கம் வராதே என்று மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறோம். செய்ய வேண்டியதற்கு இது நேர் எதிர். பெட்டியிலுள்ள பிளக் கைப்பேசிக்கானது. கருவிக்கு அதை நம்ப முடியாது. பாட்டரி கிடைக்கும், இல்லையென்றால் சாய்ந்து உட்கார்ந்தோ ஒருக்களித்துப் படுத்தோ அந்த இரண்டு இரவுகளையும் கழியுங்கள். உறக்கம் குறைந்தாலும் பரவாயில்லை, மாத்திரை வேண்டாம். ஊரில் இறங்கியதும் மல்லாந்து படுக்கத் திண்ணை இருக்கிறது என்பீர்கள். அங்கேயும் கருவி வேண்டும்.

இப்பொழுது என் மனதை உறுத்தும் ஒன்றை எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உபவாசக் கூட்டத்தில், நெடுங்காலமாக டயஸிபாம் சாப்பிட்டு வந்த ஒரு சகோதரி, மாத்திரைகளை எறிந்துவிடட்டுமா என்று என்னிடம் கேட்டார்கள். நான் சற்றும் யோசியாமல், எறியுங்கள் என்றேன். சில நாட்களுக்குள் அவர்களுக்கு வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். நெடுநாள் உட்கொண்ட இவ்வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதை வேதாகமக் கல்லூரியில் எனக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. அந்தச் சகோதரி என்னை மன்னித்தார்கள். இதை வாசித்துவிட்டு இன்றிரவே அட்டையைக் குப்பையில் போட நினைக்கிறவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதிருங்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். அந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், போதகர் அல்ல.

முகமூடி அவிசுவாசத்தின் அடையாளம் என்று என்னிடம் ஒரு சகோதரர் சொன்னார். சொல்லும்போது அவர் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தார். பவுலோடு பிரயாணம் செய்த லூக்காவும் வைத்தியனே என்பதை மட்டும் நினைப்பூட்டினேன்.

மாத்திரையில்லாத வழியும் உண்டு. மருத்துவர்கள் தூக்கமின்மைக்கு முதலாவது பரிந்துரைப்பது பழக்கங்களைத் திருத்தும் பயிற்சியையே. தினமும் ஒரே வேளையில் எழுவது, உறக்கம் வந்தபின்பே படுக்கைக்குப் போவது, விழித்தபடி புரண்டுகொண்டிராமல் எழுந்து உட்காருவது முதலியவை அதில் அடங்கும். ஆஸ்திரேலியாவில் 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இப்பயிற்சியை முதலில் பெற்றவர்கள் கருவியை இரவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் படுக்கையை உறக்கத்திற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் சொல்லுகிறார்கள். நம்முடைய ஒற்றை அறை வீடுகளில் அந்தப் பாயின்மேல்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், விருந்தாளிகள் உட்காருகிறார்கள், குடும்ப ஜெபமும் நடக்கிறது. இயன்றதைச் செய்வோம். எங்கள் சபையில் ஒன்றை மாற்றியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்திலிருந்து, மறுநாள் வண்டி ஓட்டுகிறவர்களையும் கருவி பயன்படுத்துகிறவர்களையும் பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள்.

குர்லா சகோதரரோடு மறு செவ்வாய்க்கிழமை நானும் மருத்துவமனைக்குப் போனேன். மாத்திரை அட்டையை மேசைமேல் வைக்க அவர் கை நடுங்கியது. மருத்துவர் கருவிக்குள் இருந்த சிறு கார்டை எடுத்துக் கணினியில் போட்டுப் பார்த்தார். முகமூடி பெரும்பாலான இரவுகளில் இரண்டு மணி நேரத்திற்குள் கழற்றப்பட்டிருந்தது. மாத்திரையின் மயக்கத்தில் தாம் கழற்றியது அவருக்கே தெரியாது. மாத்திரையைக் குறைக்க ஆறு வாரக் கணக்கு ஒன்றை எழுதி, அதை மனைவியின் கையில் கொடுத்தார்கள். கண் செருகல் தீரும்வரை டாக்சி ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. சயான் தாண்டியபின், "ஐயா, வண்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருந்தால் எடுத்துவிடுவேன்" என்றார். சாவி இப்பொழுது என் மேசை அறையில் இருக்கிறது. அவருடைய தம்பி மகன் இரவில் வந்து வாங்கிக்கொண்டு போய் வண்டியை ஓட்டி, காலையில் திரும்பக் கொடுக்கிறான்.