பின்னணியிசை இழிந்த இசையோ?

தனித்து நின்று ஒலிப்பதே இசை. பிறிதொன்றுக்குத் துணையாய் ஒலிப்பது அதன் நிழல் மாத்திரமே. இக்கருத்தை நம்முட் கற்றோர் பலர் ஆராயாமலே ஏற்றுக்கொண்டுள்ளனர். அண்மையில் மாணவர் கருத்தரங்கொன்றில் யப்பானிய வீடியோ விளையாட்டுகளின் இசைபற்றி ஒருவர் பேச முற்பட்டார். சபையில் நகைப்பு எழுந்தது. "பொத்தானை அழுத்தும்போது கேட்கும் சத்தத்திற்கும் ஆய்வா?" என்றார் ஒருவர். நகைத்தோருள் மட்டக்களப்பாரும் இருந்தமையே எனக்கு வியப்பு. இரவிரவாகக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர் நகைத்தற்குரிய பொருளன்று இது.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என ஒரு வகை உண்டு. ஆடுபவர் வீரனாகக் கதையினுட் புகுந்து, நாடு நகர் கடந்து, பகைவரோடு பொருது, பல பத்து மணி நேரம் செலவிட்டு முடிவு காண்பார். 1986இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்', 1987இல் வெளிவந்த 'பைனல் பாண்டசி' ஆகியன இவ்வகையிற் பெயர்பெற்றவை. முன்னதற்குக் கொய்ச்சி சுகியாமாவும் பின்னதற்கு நோபுவோ உவெமட்சுவும் இசையமைத்தனர். அவர்களுக்குக் கிடைத்த கருவிதான் யாது? 1983இல் விற்பனைக்கு வந்த 'பமிகொம்' என்னும் பெட்டி. அதில் ஒலித்தடங்கள் ஐந்தே. அவற்றுள்ளும் ஒன்று வெறும் இரைச்சலுக்கானது. மெட்டைத் தாங்கியவை பெரும்பாலும் மூன்று. நினைவகமோ மிகச் சிறிது. எனவே குறுகிய மெட்டொன்றை ஆக்கி அதனையே சுழலவிடல் வேண்டும். முடியும் இடம் தொடங்கும் இடத்தோடு பொருந்த வேண்டும். நூறாம் முறையும் செவி வெறுத்தலாகாது. இக்கட்டளைக்கு அடங்கி ஒரு மெட்டை ஆக்கிப் பார்க்கட்டும், நகைத்தவர்.

பலமுறை கேட்டால் எதுவும் மனத்தில் நிற்கும், விளம்பரப் பாட்டும் நிற்கிறதே என்பர் சிலர். நிற்கிறதுதான். ஆயினும் விளம்பரப் பாட்டுக்காக எவரும் காத்திருப்பதில்லை. இவ்விளையாட்டுகளிலோ, செல்லவேண்டிய வழியிற் செல்லாது, மெட்டைக் கேட்பதற்காகவே ஓரிடத்தில் நின்றுவிடுவோர் உளர். (நானும் நின்றிருக்கிறேன், பரீட்சைக் காலத்தில் என்பதை இங்கு மறைப்பானேன்?) சலிப்பூட்டும் விளையாட்டிசையும் நிரம்ப உண்டு. சலிப்பூட்டும் கச்சேரிகள் இல்லையா?

1997இல் வெளிவந்த 'பைனல் பாண்டசி' ஏழாம் பாகத்தில் ஏரித் என்னும் பூக்காரப் பெண் கொல்லப்படுகிறாள். உடனே போர் மூளுகிறது. போருக்குரிய இசை முழங்கவேண்டிய இடம் அது. உவெமட்சு அதனை முழக்கவில்லை. முன்னர்ப் பாழ்பட்ட தேவாலயத்துப் பூக்களின் நடுவே வேறொரு வடிவிற் கேட்ட அவளது மெட்டே, போர் நடக்கும்போதும் தொடர்ந்து ஒலிக்கிறது. இசை பின்னின்றவாறே காட்சியின் பொருளை மாற்றிவிடுகிறது.

இது நாம் அறியாததா? வடமோடிக் கூத்தில் அரசன் வரவின் தாளக்கட்டு வேறு. ஏனையோர் வரவின் தாளக்கட்டு வேறு. ஆட்டக்காரன் களரியிற் கால் வைக்குமுன்னரே, வருபவன் எத்தகையவன் என்பதை அண்ணாவியாரின் மத்தளம் சொல்லிவிடும். சல்லரி ஒலிக்க, ஆடுபவன் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் பின்னின்று மீட்டும் படிப்பர். விடியும்வரை இதுவே. மறுநாள் வயலுக்குப் போகிறவரின் வாயிற் கிடப்பது கதையன்று, தருவே.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். அவர் பதிப்பித்த 'அலங்காரரூபன் நாடகம்' வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. பாட்டு அச்சேறியது, நன்று. ஆனால் பாட்டுக்குக் கிடைத்த மதிப்பு மத்தளத்துக்குக் கிடைத்ததா? பிற்பாட்டுக்காரர் பெயரை எத்தனை அழைப்பிதழ்களிற் கண்டிருக்கிறோம்? யப்பானியர் தம் விளையாட்டிசையை அரங்குகளிற் பேரிசைக் குழுக்களைக்கொண்டு இசைப்பிக்கின்றனர். 2021 யூலை 23ஆந் திகதி ரோக்கியோ ஒலிம்பிக் தொடக்கவிழாவில், உலக நாடுகளின் வீரர் அணிவகுத்து நுழைந்தபோது முழங்கியது 'டிராகன் குவெஸ்ட்' முதலாய விளையாட்டுகளின் இசையே. நம் வழக்கிற் கூறின், அது வரவிசை.

கதிரவெளியில் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2006ஆம் ஆண்டின் இடப்பெயர்வும் கூத்துக் கொப்பிகளுக்கு இரங்கவில்லை. மீளக் குடியேறியபின் மூத்த ஆட்டக்காரர் சிலர் கூடியிருந்து, பாட்டுகளை நினைவிலிருந்து எழுத முயன்றனராம். வரி மறந்த இடத்தில் ஒருவர் தொடையில் தாளம் தட்டுவாராம். தட்டத் தட்ட வரி வந்துவிடுமாம். துணையென்று நாம் ஒதுக்கிய தாளமே பாட்டை மீட்டுத் தந்திருக்கிறது. அத்தாளத்துக்கோ கொப்பி ஏதும் இருந்ததில்லை. அது கையில் மட்டுமே உள்ளது. அக்கைகளும் முதுமையடைந்துவிட்டன.

சென்ற விடுமுறையில் எம்மூர் அண்ணாவியார் ஒருவரிடம், வரவுத் தாளங்களை மாத்திரம் தனியே அடித்துக் காட்டுமாறு கேட்டு, கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்தேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"ஆடுறாளில்லாம வெறும் மத்தளத்தயா மனே கேக்கப்போறாய்?"

ஆம் என்றேன். சிறிது தயங்கி, மத்தளத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார். அன்று பதினொரு வரவுகள் பதிவாயின.