திட்டம் வந்தது சரி, பலன் வந்ததா?

நலத்திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டால் இரண்டு எண்கள்தான் தலைப்புச் செய்தியாகின்றன: எத்தனை கோடி ரூபாய், எத்தனை பயனாளிகள்? 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைப் பற்றியும் நாம் அப்படித்தான் பேசினோம். மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள். அந்தப் பணத்தால் குடும்பத்தின் கடன் குறைந்ததா, பிள்ளைகளின் படிப்பு தொடர்ந்ததா என்ற மூன்றாவது கேள்வி அரிதாகவே எழுகிறது.

அதைக் கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்குத் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளே சான்று. ஒரே பணியாளர்தான் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும், எடை பார்க்க வேண்டும், சத்துமாவு வழங்க வேண்டும், கர்ப்பிணிகளைச் சந்திக்க வேண்டும், பதிவேடுகளையும் நிரப்ப வேண்டும். இத்தனை வேலைகளுக்கிடையே முதலில் அடிபடுவது பாடம்தான்.

பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும், மாநில அரசின் ஒத்துழைப்புடன் 4 மாவட்டங்களில் 320 மையங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். குலுக்கல் முறையில் தேர்வான பாதி மையங்களில், பாலர் கல்விக்கென்றே அரை நாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். மற்றவை பழையபடியே இயங்கின. சுமார் 18 மாதங்கள் கழித்து இரு தரப்புக் குழந்தைகளும் ஒப்பிடப்பட்டனர்.

கூடுதல் ஆள் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் அக்குழந்தைகள் முந்தினர். பழைய பணியாளரின் சுமை குறைந்ததால் உடல்நலப் பணிகளுக்கு நேரம் கிடைத்தது. மையத்தில் தொடர்ந்து படித்த குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. பாடம் சொல்ல வந்தவரால் ஊட்டச்சத்தும் உயர்ந்தது என்பதை வெறும் வரவு செலவுக் கணக்கு நமக்குச் சொல்லியிருக்காது.

பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பேரைக் காக்க வைப்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். எல்லோருக்கும் கொடுக்க நிதி இல்லாதபோது, சிபாரிசுக் கடிதத்தைவிடக் குலுக்கல் நியாயமானது.

நல்ல ஆய்வு ஒரு திட்டத்தைக் காப்பாற்றவும் செய்யும். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைத் தாய்மாருக்கு உதவித்தொகை வழங்கும் ‘புரோகிரெசா’ திட்டத்தை மெக்சிகோ 1997-இல் தொடங்கியது. கூடவே 506 கிராமங்களில் மதிப்பீடும் நடந்தது. பள்ளிச் சேர்க்கை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் சேர்க்கை, உயர்ந்தது உறுதியானது. 2000-இல் ஆட்சி மாறியபோது புதிய அரசு பெயரை மாற்றியதே தவிர, திட்டத்தைக் கைவிடவில்லை, விரிவுபடுத்தியது.

அரசிடம் கேட்கும் இக்கேள்வியை நம் மஹல்லாக்களின் பைத்துல்மாலிடமும் கேட்க வேண்டும். தையல் இயந்திரம் வழங்கிய புகைப்படம் நம்மிடம் இருக்கிறது. ஓராண்டு கழித்து அந்த இயந்திரம் ஓடுகிறதா என்ற தகவல் இருக்கிறதா? இதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. உதவும்போதே குடும்பத்தின் வருமானம், கடன், பிள்ளைகள் படிக்கும் வகுப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு மீண்டும் விசாரித்தால் போதும். பெயர்கள் வெளியே போகாமல் அவர்களின் கண்ணியம் காக்கப்பட வேண்டும்.

பலன் தராத உதவியை மாற்றிக்கொள்ளத் தயங்கவும் கூடாது. வரிப்பணமாகட்டும், ஸகாத்தாகட்டும், இரண்டும் அமானிதமே. கொடுத்ததோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. போய்ச் சேர்ந்த வீட்டில் அது என்ன செய்தது என்று பார்ப்பதும் நம் கடமை.