எழுதிவிடுவார்களே என்னும் அச்சம்: அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் ராணுவப்பேட்டை என்றே அழைப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அத்தகைய ஊர்களில், படையில் 15 ஆண்டுகளுக்கு மேல் சேவை புரிந்து நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வு பெற்றுத் திரும்பிய தந்தையும், கல்லூரியில் பயிலும் மகனும் ஒரே வீட்டில் உறக்கமின்றி விழித்துக் கிடந்தாலும், ஒருவர் வேதனையை மற்றவர் அறியார். வைத்தியரோ இருவரையுமே அறியார்.

2015-16இல் நிமான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோயுற்றோரில், நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சையின்றி இருப்பதாகக் கண்டது. இதற்குக் காரணமாக மருத்துவர் பற்றாக்குறையைப் பலரும் எடுத்துரைத்துவிட்டனர். நான் தங்கள் சமுகத்தில் விண்ணப்பிக்க விழைவது, மனவேதனையை வெளியே சொன்னால் பதிவேட்டில் "எழுதிவிடுவார்களே" என்னும் அச்சத்தைக் குறித்து.

படையிலே ஒருவருடைய தகுதியை 'ஷேப்' என்னும் ஐந்து கூறுகளால் மதிப்பிடுகிறார்கள். அவற்றுள் முதலாவது மனநிலை. அதிலே கேட்டகரி இறங்கிவிட்டால் பதவி உயர்வுக்கு ஹானி வருமென்று அஞ்சி, சர்வீஸ் முழுதும் வாய் திறவாமலே பழகிவிட்ட ஒருவர், டிஸ்சார்ஜ் ஆகி வந்தவுடன் முன்பின் அறியாத டாக்டரிடம் மனம் விட்டுப் பேசுவாரென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. வங்கிக் காவலர் வேலையேனும் கிடைக்காதா என்று அலையும் நாட்களில் அவ்வச்சம் மேலும் வளர்கிறது. மாணவனுக்கோ, ஆலோசகரிடம் சொன்னது துறைத்தலைவர் செவிக்கும், அங்கிருந்து வீட்டுக்கும், வேலைக்கு ஆளெடுக்க வரும் நிறுவனத்துக்கும் எட்டிவிடுமோ என்னும் கலக்கம். இவர்களைக் கோழைகளென்று எண்ணுவது அநீதி. ஜீவனத்தைக் காத்துக்கொள்ளும் விவேகமே இவர்களை மௌனிகளாக்கியிருக்கிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சில விலக்குகள் தவிர, நோயாளியின் இரகசியம் காக்கப்படும் உரிமையை 23ஆம் பிரிவில் அளித்திருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்னும் மனநல உதவித் தொலைபேசிச் சேவையின் 14416 என்னும் எண் இரவுபகலாக, இலவசமாக உதவி வருவதும் போற்றத்தக்கதே. எனினும் தொலைபேசிக்கு அப்பால் சிகிச்சை தேவைப்படுவோர் மருத்துவமனைப் பதிவேட்டில் பெயரெழுதித்தானே ஆகவேண்டும்?

ஆதலின், உயர்கல்வித் துறையோடும் முன்னாள் படைவீரர் நலத்துறையோடும் கலந்து, ஆலோசனை, சிகிச்சைக் குறிப்புகளை யார் பார்ப்பர், யார் பார்க்கலாகாது, எந்நிலையில் மட்டும் பிறருக்குச் சொல்லப்படும் என்பதை எளிய தமிழில் எழுதி, கல்லூரி ஆலோசனை அறைகளிலும் மாவட்டப் படைவீரர் நல அலுவலகங்களிலும் பார்வைக்கு வைக்க உத்தரவிடுங்கள். பாடம் நடத்தி மதிப்பெண் இடும் ஆசிரியரையே ஆலோசகராகவும் அமர்த்துவதைத் தடுத்தருளுங்கள். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் அவ்வுத்தரவு வெளிவர வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வேலூர் மாவட்டக் குடிமகன் ஒருவன்