ரிமாண்டுக்கு முன் ஒரு நிமிடம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் ஒரு தகராறு வழக்காகிவிட்டால், நம் தெரு இளைஞர்கள் ‘ஏ1’, ‘ஏ2’ என்று வரும் பெயர்களை விடவும் பயப்படுவது முதல் தகவல் அறிக்கையின் கடைசியில் வரும் ‘மற்றும் அடையாளம் தெரிந்த சிலர்’ என்ற சொற்களுக்குத்தான். அந்தச் ‘சிலர்’ யார் என்று எழுதப்படாத வரை தெருவில் உள்ள எந்தப் பையனையும் அதற்குள் சேர்க்கலாம். அதனால்தான் கரிமூட்டம் போடப் போனவரும், திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்தவரும் வீட்டில் படுக்காமல் கருவேலங்காட்டில் படுக்கிறார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். புகார் கொடுப்பவர்களாகவே நம்மை நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் நாம் புகார் கொடுத்தால் மறுநாளே எதிர்ப்புகார் வருகிறது. ஒரு வழக்கில் நாம் பாதிக்கப்பட்டவர்கள்; இன்னொன்றில் குற்றம் சாட்டப்பட்டவர்கள். அந்த இரண்டாவது இடத்தில் நின்று பேச நம்மிடம் சொற்கள் இல்லை.

முதலில் ஒரு சொல்லைத் திருத்துவோம். தீர்ப்பு வரும்வரை யாரும் ‘குற்றவாளி’ இல்லை. ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ மட்டுமே. இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்களை ஊர் ‘குற்றவாளி’ என்று சொல்லும்போது நாமும் சேர்ந்து சொல்லக்கூடாது.

அடுத்தது ‘ரிமாண்ட்’. அது தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கைதான ஒருவரைக் காவலில் வைக்க வேண்டுமா என்று நடுவர் முடிவு செய்யும் கட்டம் அது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு. உறவினருக்குத் தகவல், சாட்சிக் கையெழுத்துடன் கைதுக் குறிப்பு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் கட்டாயம் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நடுவர் கேட்பார்: “போலீஸ் அடிச்சாங்களா?” பின்னால் அடித்தவரே நிற்பார். நம் பையன் “இல்லங்கய்யா” என்பான். பிறகு காயத்தைக் காட்டினாலும் ‘அன்றைக்கு ஏன் சொல்லவில்லை’ என்பார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன சில நாட்களில் இறந்தார்கள். அவர்கள் உடம்பைச் சரியாகப் பார்க்காமலே ரிமாண்ட் நடந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு பெரியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பிறகு ‘ஜாமீன்’. உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்கள் உண்டு. 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவருடைய அண்ணன் தம்பியின் ஜாமீனையும் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னது. பிழைப்புக்கு வெளியூர் போகும் நமக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் கேட்க வேண்டும், தானாக வராது.

“நம்ம ஆளை வெட்டினவனுக்கும் இந்த உரிமையெல்லாம் உண்டா தோழர்?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். உண்டு. கசப்பாக இருந்தாலும் அதுதான் பதில். ‘ஸ்டேஷன்ல வச்சு நாலு சாத்து சாத்தணும்’ என்று நாம் கேட்டு வாங்கும் லத்தி அடுத்த முறை நம் தெருவுக்குத்தான் வரும். அவர்கள் விஷயத்தில் நமக்கு வேறு வழி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. 15ஏ பிரிவின்படி அவர்களின் ஜாமீன் மனு விசாரணையில் பாதிக்கப்பட்ட நம் தரப்பையும் கேட்க வேண்டும். எத்தனை பேர் அந்த நாளில் நீதிமன்றத்துக்குப் போனோம்?

வக்கீலுக்குக் காசில்லை என்பதும் காரணமாக வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் காவலில் இருப்பவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதில்லை. உதவி எண் 15100.

தோழர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் பத்துப் பேரை உட்கார வையுங்கள். ஒருவர் நடுவராக இருக்கட்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்: “ஐயா, அடிச்சாங்க. டாக்டர்கிட்ட காட்டணும். எனக்கு வக்கீல் வேணும்.”