"எல்லாம் பொய்" எனும் பெரும் பொய்!

கிராம சபை கூடும் நாள். காலைப் பொழுது. சேரப்பணஞ்சேரித் தேநீர்க் கடையிலே, ஒரகடத்தில் இரவு ஷிப்டு முடித்துத் திரும்பிய இளைஞனைக் கண்டேன். "சபைக்கு வருகிறாயா, தம்பி?" என்றேன். கைப்பேசியை உயர்த்திக் காட்டிச் சிரித்தான். "எல்லாம் பொய்யண்ணே! எவன் பேச்சை நம்புறது? தூங்கப் போறேன்!"

தோழர்களே! உடல் அயர்ந்து உறங்கட்டும். உரிமை உணர்வு உறங்கலாமா?

பொய் பொல்லாதது, மறுப்பாரில்லை. 2021 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். சுங்குவார்சத்திரத்துக்கு அருகே, ஃபாக்ஸ்கான் ஆலையிலே ஐபோன் உருவாக்கும் பெண்கள், விடுதி உணவு நஞ்சாகி நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையிலே! உடனிருந்த தோழி எங்கே, எப்படி இருக்கிறாள்? தெளிவாக விடை சொல்வார் இல்லை. அந்த மௌனத்திலே முளைத்தது வதந்தி: "மாண்டுவிட்டார்கள்!" டிசம்பர் 17 இரவு, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையிலே அமர்ந்தனர் அந்தப் பெண்கள். மாவட்ட ஆட்சியர் வந்தார். எவரும் இறக்கவில்லை என்றார். உண்மைதான், எவரும் இறக்கவில்லை.

உடனே எழுந்தது ஏளனம்: "வதந்தியை நம்பிய கூட்டம்!"

சாவு பொய்; ஒப்புகிறோம். சாப்பாட்டிலே கேடு பொய்யா? இடநெருக்கடியிலே தரையில் படுத்தது பொய்யா? விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தன் விதிக்கு ஒத்தவையல்ல என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்ததே! ஆலையைத் தன் கண்காணிப்பிலே வைத்ததே! மூடிய கதவு 2022 ஜனவரி 12 அன்றுதானே திறந்தது! ஒரு பொய்யைக் காட்டி, ஊரறிந்த மெய்யைப் புதைப்பதா?

2023 மார்ச்சில் மற்றொரு பொய் பறந்தது: தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகிறார்களென்று! அஞ்சி ஊர் திரும்பினோர் உண்டு. பீகார் அரசின் குழு நேரில் வந்தது, விசாரித்தது, பரப்பப்பட்ட படங்கள் பொய்யென்று தெரிந்தது. பொய் வீழ்ந்தது எதனால்? வீட்டுக்குள் ஒதுங்கியதாலா? வந்து, பார்த்து, கேட்டதால்!

பொய்யனுக்கு வெற்றி இரண்டு. நாம் அவனை நம்பினால் ஒன்று; எவரையுமே நம்பாமல் ஒதுங்கினால் மற்றொன்று. இரண்டாவதே அவனுக்கு இனிப்பது! கேள்வி கேட்பார் இல்லாத ஊரிலே, பொய் சொல்லும் தேவைகூட அவனுக்கு இல்லையே!

பழி பிறர்மீது மட்டுமா? நாடகம் எழுதுபவன் நான். கற்பனை அங்கே கலை. அரசியல் மேடையிலே அதுவே களங்கம். கைத்தட்டலுக்காகச் சரிபாராத செய்தியைச் சொல்லும் பேச்சாளன் எக்கட்சியினன் ஆயினும், என் தோழனே ஆயினும், அந்த இளைஞனை உறங்க அனுப்பியவன் அவனே!

தம்பி! ஐயப்படு, அது அறிவின் அடையாளம். ஆனால் ஐயத்தை வாய் திறந்து கேள். தமிழகத்திலே ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு அங்கே உன் முன் வைக்கப்பட வேண்டும். பொய்யென்று நினைத்தால், எழுந்து நின்று, "காட்டுங்கள் கணக்கை!" என்று கேள்.

இன்று உறங்கு, களைத்திருக்கிறாய். அடுத்த சபைக்கு வா. நம்புவதற்காக அல்ல, கேட்பதற்காக!